துரைமகன் தனிநடிப்பு: ஒரு திறனாய்வு

சென்ற கோடையில் ஏற்காட்டில் போதகர்களுக்கென நடைபெற்ற தியானக் கூடுகையின் மூன்றாம் நாள் இரவு, இறையியல் மாணவர் ஒருவர் தனிநடிப்பு ஒன்றை நிகழ்த்தினார். மேடையில் ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு சோலாத் தொப்பி, ஒரு கைத்தடி, வேறொன்றுமில்லை. விக்டோரியா மகாராணியார் காலத்துத் துரைமகன் ஒருவர் சேர்வராயன் மலையேறி வரும் கதை அது. நாற்காலியை மூங்கில்களில் கட்டி நால்வர் சுமக்க, துரை அதன்மேல் அமர்ந்து வெயிலையும் கொசுவையும் தம் சமையற்காரரையும் சபித்துக்கொண்டே வருகிறார். வழியில் கல் ஒன்றைக் கண்டால் நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். அதைப் பொறுக்கி முகர்ந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஏறி அமர்கிறார். மலை உயர உயர மடியிலுள்ள கற்களும் பெருகுகின்றன. மூங்கில்கள் முனகும் ஓசையை அம்மாணவர் பல்லிடுக்கிலிருந்தே எழுப்பினார். கண்ணீர் வரச் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நடுவில் அவர் நாற்காலியை விட்டிறங்கி, சுமப்போர் நால்வராகவும் மாறினார். துரைக்குப் பித்தா, கல் தின்பவரா என்று அவர்கள் தமக்குள் வாதிடுகின்றனர். மலையூர்ப் பேச்சை இழுத்தும் கொச்சைப்படுத்தியும் அவர் பேசிக் காட்டியபோது சிரிப்பு இன்னும் பெருகியது. அவ்வேளையில் விடுதியின் சமையற்பணியாளர் மூவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். மூவரும் அம்மலையில் பிறந்தவர்கள். துரை கல் பொறுக்கியபோது சிரித்த அவர்கள், இப்பகுதியில் சிரிக்கவில்லை. மறுநாட் காலை அவர்களுள் மூத்தவரிடம் நாடகம் எவ்வாறிருந்தது என வினவினோம். "நல்லாத்தான் பண்ணினாரு ஐயா. ஆனா தூக்குறவன் பேசமாட்டான், மூச்சுதான் வாங்குவான்" என்றார்.

திறனாய்வு என்று நாம் எழுதப் புகுவன பலவற்றினும் செறிந்த திறனாய்வு இது. இவ்விதழில் நாடகத்தைப்பற்றி எழுதுவது பொருந்துமா என ஐயுறுவோர், ஒருவர் நின்று பேச ஒரு கூட்டம் அமர்ந்து கேட்கும் கலையே நம்முடைய அன்றாடத் தொழில் என்பதை நினைவிற்கொள்ளக் கடவர்.

மாணவர் படைத்த துரை, ஒருவரின் சாயலாக அன்றிப் பலரின் கலவையாக இருந்தார். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் மேனாட்டுப் பழமரங்களையும் பயிராக்கியவர். அவருக்குப்பின் தோட்டத்துரைமார் வந்தனர். கல் பொறுக்கும் வேடிக்கைக்கு மூலமாயிருந்தவர் ராபர்ட் புரூஸ் புட் என்பது தெளிவு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858இல் சேர்ந்த இவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டின் தொல்வரலாற்று ஆய்வுக்கே தலைவாயில் திறந்தார். பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் மறைந்த அவருக்கு அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் நினைவுச் சின்னம் உண்டு. அவரது சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உழைப்பில் எள்ளத்தக்கவர் அல்லர். ஆயினும் பெரியோரின் தொழிலில் நகைப்புக்குரிய பக்கம் ஒன்று இருப்பதும், அதை அவரைச் சுமந்தோரே முதலிற் காண்பதும் இயல்பு.

இவ்வகை நாடகத்தின் மூதாதையைத் தேடினால் இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும். அங்கே பிக்காடிலி வீதியிலிருந்த எகிப்திய மண்டபத்தில், 1852 மார்ச் 15 அன்று, ஆல்பர்ட் ஸ்மித் என்பவர் தனியொருவராக மேடையேறினார். மருத்துவம் பயின்று, அதனை விட்டு, பஞ்ச் முதலிய ஏடுகளில் நகைச்சுவை எழுதிப் பிழைத்தவர். அதற்கு இரண்டாண்டுகட்குமுன், இந்தியத் தபால் சென்று வந்த சூயஸ் தரைவழிப் பயணத்தைப் பற்றி ஒரு தனியுரைக் காட்சி நடத்திக் கைதேர்ந்திருந்தார். நம் நாட்டு மிஷனரிமாரும் கலெக்டர்மாரும் வந்து போன அதே வழி. அதில் நேரும் அவதிகள் இலண்டன் மக்களுக்கு அப்போதே நல்ல வேடிக்கையாயிருந்தன.

1852இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள், முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தாம் மோன்ட் பிளாங்க் சிகரம் ஏறிய கதை. பின்னால் ஓவியர் வில்லியம் பெவர்லி தீட்டிய நெடுந்திரை நகர்ந்துகொண்டே போகும். முன்னால் ஸ்மித் நின்று விரைந்து பேசுவார், வழியிற் கண்ட ஆங்கிலப் பயணிகளை ஒவ்வொருவராகப் பேசிக் காட்டுவார், பாட்டும் பாடுவார். மேடை சுவிஸ் நாட்டு வீடுபோல அமைக்கப்பட்டிருந்தது. செயின்ட் பெர்னார்டு நாய்களும் உண்டு. ஆறாண்டுகளில் ஏறத்தாழ 2,000 முறை இக்காட்சி நடந்தது. மகாராணியார் முன்னும் நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1858இல் தம் நூல்களை ஊர் ஊராகப் படித்துக் காட்டத் தொடங்கியபோது அதனை நிர்வகித்தவர் ஸ்மித்தின் சகோதரரே. ஒருவரே பலராகப் பேசும் கலைக்கு அந்நகரில் அத்துணைச் செல்வாக்கு.

ஸ்மித்தின் நகைச்சுவையில் ஒரு நேர்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தம்மை வீரராக அவர் காட்டிக்கொள்ளவில்லை. பருத்த உடம்பினர், உயரத்தில் களைப்பும் உறக்கமும் மேலிட, கடைசி ஏற்றத்தில் ஏறக்குறைய இழுத்தே கொண்டுசெல்லப்பட்டார், உச்சியை அடைந்ததும் உறங்கிப்போனார். கொண்டுசென்ற ஆட்டுக்கால்களும் கோழிகளும் மதுப்புட்டிகளும் ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமானவை. இவற்றையெல்லாம் அவரே எழுதியும் வைத்தார். துரை தம்மைத்தாமே நகைத்துக்கொள்ளும் இக்குணம் பிற்கால ஆங்கில நகைச்சுவைக்குப் பெரிதும் உதவியது.

ஆனால் அவரை இழுத்துச் சென்றவர் யார்? சமோனி ஊர் விதிப்படி ஒவ்வொரு கனவானுக்கும் நான்கு வழிகாட்டிகள். கனவான்கள் நால்வர், ஆகவே வழிகாட்டிகள் பதினாறுபேர். சுமை தூக்கியோர் இவர்களுக்குப் புறம்பு. மண்டபத்தில் அத்தனை குரல்களையும் எழுப்பிய ஒரே மனிதரின் புகழை வளர்த்தவை, கயிற்றைப் பிடித்திருந்த இக்கைகளே.

இதற்குமேலும் ஒரு செய்தி உண்டு. ஸ்மித் சிறுவராயிருக்கையில் சமோனிக் குடியானவரைப்பற்றிய ஒரு சிறுநூலைப் படித்து மயங்கினார். தாமே சுருட்டுப் படம் ஒன்று எழுதித் தம் தங்கையை அச்சுறுத்தியதாகவும் கூறுவர். அச்சிறுநூல் 1820இல் நிகழ்ந்த ஒரு விபத்தைக் கூறுவது. டாக்டர் ஹாமல் என்பவரின் குழு மலையேறியபோது பனிச்சரிவு பெயர்ந்து வழிகாட்டிகள் மூவரைப் பிளவொன்றில் தள்ளிற்று. கனவான்கள் பிழைத்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மூவரும் பனியாற்றுக்குள் கிடந்தனர். 1861இல், ஆல்பர்ட் ஸ்மித் மறைந்ததற்கு அடுத்த ஆண்டில், அவர்தம் உடலுறுப்புகளும் உடைமைகளும் பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்படலாயின. 2,000 முறை சொல்லப்பட்ட அம்மலையின் கதையில் பேசாதிருந்தவர்கள், கதைசொல்லி போனபின் வெளியே வந்தார்கள்.

இன்றைய ஆங்கில மேடையில் இவ்வகை வேறு உருக்கொண்டுள்ளது. 1947 முதல் எடின்பரோ விழாவையொட்டி நடைபெறும் புற அரங்குகள் போன்ற இடங்களில், முறுக்கு மீசையும் தொப்பியுமாகத் தோன்றும் விக்டோரியா காலத்துக் கனவானை ஒரே நடிகர் நகையாடுவது வழக்கமாகிவிட்டது. சாம்ராஜ்யத்தின் பெருமிதம் அங்கே கேலிக்கு ஆளாகிறது, அது நன்றே. எனினும் ஒன்று கூறுவோம். தாத்தாவின் பெருமையைப் பேரன் ஏளனம் செய்யும்போதும் மேடையில் நிற்பவர் தாத்தாவாகவே இருக்கிறார். சுமந்தவருக்கு அங்கும் இடமில்லை. தன்னைத் தாழ்த்துவதும் தன்னைப்பற்றியே பேசும் ஒரு முறையாகிவிடக்கூடும். இது மேடைக்கு மட்டும் உரிய அபாயமன்று.

நம் மரபில் இதற்கு மாற்றுண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரன் அரசனுக்கு ஏவலாள். ஆயினும் அரசன் யார் என்பதைச் சபைக்கு அவன்தான் சொல்கிறான். வேண்டும்போது அரசனையே நையாண்டியும் செய்கிறான். குறவஞ்சியில் மலைவளம் கூறும் உரிமை மலைமகளாகிய குறத்திக்கே உரியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோதும் அவ்வுரிமையை அவளிடமிருந்து பறிக்கவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1949இல் வெளிவந்த நல்லதம்பி படத்தில் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தையும் கூறவேண்டும். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி கற்று உயரும் கதையை அவர் ஒருவரே சொல்கிறார். அவையோர் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். கிந்தனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. தனிநடிப்புக்கு இலக்கணம் வகுக்க விழைவோர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது நலம்.

நம் திருச்சபையின் கதைசொல்லும் வழக்கமோ, கிந்தனாரைக் காட்டிலும் எகிப்திய மண்டபத்துக்கே அணித்தாயிருந்து வந்துள்ளது. விடுப்பில் தாய்நாடு சென்ற மிஷனரிமார் மாயவிளக்குப் படங்களைக் காட்டித் தம் ஊழியத்தை விவரித்த மாலைக் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். திரையில் ஒரு மலை, முன்னால் ஒருவர், இடையிடையே அவ்வூராரின் வேடிக்கைப் பேச்சு. அவர்களுள் பலர் அன்போடு பேசினர், காணிக்கையும் சேர்ந்தது, பள்ளிகளும் எழுந்தன, இவை மறுக்கத்தக்கனவல்ல. ஏற்காட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புரூஸ் புட்டின் மாமனார் பீட்டர் பர்சிவல் ஐயர் 1882இல் அங்கே காலமானவர். யாழ்ப்பாணத்தில் அவர் தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த வேதாகமத் திருப்புதல் பர்சிவல் திருப்புதல் என்றும் வழங்கும். அதற்குத் தமிழ் அளித்த ஆறுமுக நாவலரைப் பெயர் சொல்லும் வழக்கில் நாம் சேர்ப்பதில்லை. பர்சிவல் ஐயரைக் குறைகூற இதனை எழுதவில்லை. பேசும் வழக்கம் எத்துணை எளிதில் ஒருமையாகிவிடுகிறது என்பதற்காகவே எழுதினோம்.

நம்முடைய பிழையையும் இவ்விடத்திற் கூறிவிடுவதே முறை. நாம் சமவெளிக் கிராமமொன்றில் இளம் போதகராயிருந்த காலத்தில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமான மூதாட்டி ஒருவரிடம், ஆண்டவர் எங்கே பிறந்தார் என்று வினவினோம். "அந்தச் சமயம் நான் ஊரிலே இல்லையே, ஐயா" என்றார். இதனை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கத்திலும் வகுப்பறையிலும் சொல்லிவந்தோம். ஒருமுறையேனும் சிரிப்பு எழாமற்போனதில்லை. சொல்லச் சொல்ல அம்மையாரின் குரலையும் நடுக்கத்தையும் மெருகேற்றிக்கொண்டோம். பின்பொருநாள், அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின், அவருடைய மகளிடம் பேசும்போது, அம்மையார் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தை வரை சேர்வராயன் மலைக்குக் காப்பிப்பழம் பறிக்கச் சென்றுவந்தவர் என அறிந்தோம். கிறிஸ்து பிறப்பின் பாடங்களை ஆயத்த வகுப்பில் நாம் நடத்தியது மார்கழியில். அப்பாடத்தின்போது ஊரில் இல்லை என்றே அவர் சொல்லியிருக்கிறார். பாடத்துக்கு வர இயலாமைக்கு வருந்திக் கூறிய விடையை அறியாமைக்குச் சான்றாக்கி நாம் புகழ் தேடிக்கொண்டோம். அதன்பின் அக்கதையை நாம் சொல்வதில்லை. சொல்லாமையால் மட்டும் அது சரியாகிவிட்டதாகவும் எண்ணுவதில்லை.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை இவ்வேளையில் மறுபடியும் வாசிப்பது பயன்தரும். வேத அறிஞர் அப்பகுதியை மூடனின் பேச்சு என்று பெயரிட்டு வழங்குவர். எதிராளிகள் தம் பயணங்களையும் வெற்றிகளையும் பறைசாற்றுகின்றனர். அப்போஸ்தலரோ பேதையின் வேடத்தைத் தாமே அணிந்துகொண்டு மேடையேறுகிறார். அடிகள், சிறைகள், கப்பற்சேதங்கள், ஆற்றிலும் வனாந்தரத்திலும் நேர்ந்த இடர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வீரப்பயணிகளின் பட்டியலைப் போலவே அது ஏறுகிறது. உச்சியில் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்போர்முன் அவர் வைப்பது ஒரு கூடை! தமஸ்கு நகர மதிலிலிருந்து, சாளரத்தின் வழியே, கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். பகைவர் மதிலில் முதன்முதல் ஏறும் வீரனுக்கு ரோமர் பொன்முடி சூட்டுவர் என்பதை அறிந்த கொரிந்தியர், மதிலிலிருந்து இறங்கியதைப் பெருமையாகப் பேசும் ஒருவரைக் கேட்டு நகைத்திருப்பர். நகைக்கவேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆயினும் அப்போஸ்தலரின் இந்த அரிய தனிநடிப்பிலும் ஒரு குறையைக் காண்கிறோம். இறக்கப்பட்டேன் என்கிறார், இறக்கியவர் யாரென்று கூறவில்லை. கிரேக்க மூலத்திலும் அது செயப்பாட்டு வினையே. அதே இரவை அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் லூக்கா எழுதும்போது வினை மாறிவிடுகிறது: சீஷர்கள் அவரைக் கொண்டுபோய், கூடையில் வைத்து, இறக்குகிறார்கள். கயிற்றின் மறுமுனையிலிருந்த கைகளை லூக்கா கண்டார். இரு நூல்களும் ஒரே ஏற்பாட்டில் அருகருகே வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று என்பதே நம் எண்ணம். அவ்வாறு கூறுவதை விளக்கவுரையாளர் ஏற்காமலும் போகலாம்.

மாணவரின் நாடகத்துக்குத் திரும்புவோம். அதன் குறை ஒழுக்கக் குறை மட்டுமன்று; கலைக்குறையும் ஆகும். கல் ஏறுந்தோறும் சுமை ஏறுகிறது என்பதே அந்நாடகத்தின் உயிர்நிலையான வேடிக்கை. அவ்வேடிக்கை எங்கே நிகழ்கிறது? துரையின் மடியில் அன்று, சுமப்போரின் தோளில். ஒவ்வொரு கல்லுக்கும் அத்தோள் எவ்வளவு தாழ்ந்தது, எந்தக் கல்லில் ஒருவர் மற்றவரை நோக்கினார், எந்த வளைவில் மூச்சு ஊளையாயிற்று என்பவற்றைக் காட்டியிருந்தால், துரையின் பித்தை அவர் வாய்திறவாமலே கண்டிருப்போம். அவரோ, கண்ணெதிரே கிடந்த பொன்னை விட்டுவிட்டுக் கொச்சைப் பேச்சை நாடினார். அது எளிதில் கைதட்டல் தரும் பொருள். மேலும் அவர் கேட்டு எழுதியதன்று, அவையோரிடம் ஏற்கனவே இருந்த எண்ணத்தை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. இம்மலையின் பழங்குடியினராகிய மலையாளிகள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்தோர் என்பது அவர்தம் மரபுக் கதை. மேடையில் கேட்ட அவ்விழுவல் அவர்களிடம் இல்லை. சுமப்போருக்கு நால்வருக்கும் ஒரே குரல் இருந்ததையும் குறிப்பிடவேண்டும். துரை ஒருவருக்கோ கோபக் குரல், தூக்கக் குரல், அச்சக் குரல் என ஐந்தாறு குரல்கள்.

நிறைகளும் உண்டு. உடல்மொழியில் அவர் தேர்ந்தவர். வெற்று நாற்காலியில் அமர்ந்தவாறே நாற்காலி சாய்வதையும், முன்னவர் இடறிப் பின்னவர் தாங்குவதையும் நம்மைக் காணச்செய்தார். சிகரத்தில் துரை கற்களையெல்லாம் பரப்பிவைத்து எண்ணும் இறுதிக் காட்சியில் நகைச்சுவை தணிந்து ஒரு தனிமை தோன்றியது. அது எழுதிப் பயின்று வந்ததன்று, அவருள் இருப்பது. இத்திறமை பிரசங்க மேடைக்கும் வேண்டியதே. நகைச்சுவையை விலக்கும்படி அவருக்கு அறிவுரை கூறியோரும் அக்கூடுகையில் இருந்தனர். நாம் அவர்களோடு உடன்படவில்லை.

சமையற்பணியாளர் கூறியதை அம்மாணவரிடம் சொன்னபோது முதலில் அவர் முகம் வாடியது. பின்னர், சுமப்போர் பேசாவிட்டால் மேடையில் அவர்களை எவ்வாறு காட்டுவது என்று நம்மையே வினவினார். நமக்கு விடை தெரியவில்லை. அன்று பிற்பகல் அடுக்களையின் பின்புறம் அவர் அமர்ந்திருக்கக் கண்டோம். சாலை எட்டாத மலையூர்களிலிருந்து நோயாளிகளை இன்றும் டோலி கட்டித் தூக்கி வரவேண்டியிருக்கிறது. அப்பெரியவர் இளமையில் பலரைத் தூக்கி வந்தவர். நடையை நிறுத்தாமல், டோலியைத் தரையில் வைக்காமல், வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மூங்கிலை எவ்வாறு மாற்றுவது என்று ஒரு விறகுக்கட்டையைக் கொண்டு அவர் காட்டிக்கொண்டிருந்தார். மாணவர் மும்முறை முயன்றும் கட்டை கீழே விழுந்தது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.